எல்லோருக்கும் என்ற முதல் வரி

இணையத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பவனை அது வேகமாக ஓடும்போது ஒருவரும் நினைப்பதில்லை. மெதுவாகும்போது அவனைப் பெற்றவளையும் சேர்த்து நினைப்பார்கள். ஒரே டிஷ்ஷுக்குக் கீழே பதினாறு பேரை இருத்திவைத்து, "இன்னும் திறக்கல்ல, இன்னும் திறக்கல்ல" என்ற முணுமுணுப்பைக் கேட்டுக் காது புளித்த சக தொழிலாளர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். திருந்தமாட்டார்கள், என்றாலும் வாசிக்கலாம்.

வேலைக்கு எடுத்த கதை

சுனாமியாகக் கடல் வந்து போன அடுத்த வருடம் செங்கலடிச் சந்திக்குக் கிட்ட ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் தகவல் நிலையம் திறந்தது. கூரையில் ஒரு டிஷ், உள்ளே பதினாறு கொம்பியூட்டர். யாரும் இலவசமாக வந்து பாவிக்கலாம். நான் அப்போது ஓர் அச்சகத்தில் எழுத்து அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் முப்பது வருடம் சங்கம், ஊர்வலம், மறியல், இரண்டு தடவை சிறை. என் படிப்பு முழுவதும் துண்டுப்பிரசுரங்களில் நடந்தது. வாசித்துப் படித்தேன், எழுதிப் படித்தேன், ரோணியோ மெசினில் உருட்டியும் படித்தேன். நான் எழுதியதை நம்பி மறியலுக்கு வந்தவர்கள் பிறகு எம்.பி.மாருக்குப் பின்னால் போனார்கள். நான் போகவில்லை. அதனால்தான் ஐம்பத்தைந்து வயதில் வேலை தேடினேன்.

சேர்வரைப் பற்றிய கைநூல் ஒன்று தந்தார்கள். நாற்பது பக்கம், மூலையில் ஸ்டேப்பிள் பின். பார்ப்பதற்குத் துண்டுப்பிரசுரம் போலவே இருந்ததால் பயமில்லாமல் வாசித்தேன். விஷயம் இதுதான்: ஒருவர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால், சேர்வர் அவர் யார் என்று பார்க்கும். உள்ளே விடலாமா என்று பார்க்கும். விடலாமென்றால், எவ்வளவு வேகம் கொடுக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லும். அந்த மூன்றாவது பதில் ஒரு கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை எழுதுவதுதான் என் வேலை. எங்கள் இணைப்பாளர் கொழும்பில் படித்தவர், வயதில் தம்பி, மரியாதை தெரிந்தவர். என் பழைய கதையெல்லாம் விசாரித்திருந்தார். நியமனக் கடிதத்தைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணன், இதில அரசியல் ஒண்டுமில்ல. சும்மா பைப் திறந்து பூட்டுற வேலை."

பதினாறு

வேகத்தை நொடிக்கு இத்தனை கிலோபிட் என்று எழுதுவோம். அவர் தந்த பட்டியலில் நிறுவன அதிகாரிகளுக்கு இருநூற்றைம்பத்தாறு, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு முப்பத்திரண்டு, பொதுமக்களுக்குப் பதினாறு. அரசியல் இல்லாத பட்டியல் அது. சொன்னபடியே அடித்தேன்.

பொதுமக்களில் முதலாவதாக வந்தவர் நேசம்மா. பெரியகல்லாற்றுக்காரி. கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு செங்கலடியில் தங்கச்சியின் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு, சந்தையில் கருவாடு விற்றார். கருவாட்டு ஓலைக் கடகத்தோடுதான் உள்ளே வருவார். பக்கத்துக் கதிரைகள் தாமாகவே காலியாகும். அவருடைய ஒரே மகன் சுதன் ஒரு மேசன். கடலடித்த ஊர்களில் வீடு கட்டுவதற்காக ஓர் ஒப்பந்தக்காரரோடு முல்லைத்தீவுப் பக்கம் போயிருந்தான். அங்கிருந்த எஞ்சினியர் ஒருவர் அவனைப் படமெடுத்து எங்கள் நிலையத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பியிருந்தார்.

பதினாறில் ஒரு படம் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலிருந்து ஒரு விரல் அகலம் வரும், நிற்கும். பிறகு இன்னொரு விரல். முதலில் வானம் வந்தது. பிறகு பாதி கட்டிய சுவர், பிறகு தொப்பி, பிறகு நெற்றி. எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பதினாறை அடித்தவன் நான்தானே. "கொஞ்சம் பொறுங்க" என்றேன். நேசம்மா திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "வரட்டும் அண்ண. அவன் சின்னனிலயே இப்பிடித்தான், கூப்பிட்டா மெல்லமாத்தான் வருவான்."

நான் விட்ட பிழை

ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறவன் முதல் வரியில் எல்லோரையும் கூப்பிடுவான். அதற்குப் பிறகுதான் விஷயம். முப்பது வருடப் பழக்கம் கையில் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாமல் வருகிற புதியவர்களுக்காகவும் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும், "எல்லோருக்கும்" என்று. நான் அதை முதல் வரியாக எழுதினேன். பதினாறு கதிரை, டிஷ்ஷில் மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஆளுக்கு முப்பத்திரண்டு என்று கணக்கு அழகாக வந்ததால் அதையே போட்டேன்.

இரண்டு கிழமை கழித்துக் கைநூலை மறுபடி வாசித்தபோதுதான் பார்த்தேன். சேர்வர் கோப்பை மேலிருந்து கீழே வாசிக்கும். பொருந்துகிற முதல் வரியைக் கண்டதும் நின்றுவிடும். ஆகவே "எல்லோருக்கும்" என்ற வரியைக் கடைசியில்தான் எழுத வேண்டும். நான் மேலே எழுதியதால் அதிகாரிக்கும் முப்பத்திரண்டு, மாணவனுக்கும் முப்பத்திரண்டு, கருவாட்டுக்காரிக்கும் முப்பத்திரண்டு. இருநூற்றைம்பத்தாறு எல்லாம் கீழே அப்படியே இருந்தது, யாரும் வாசிக்காத துண்டுப்பிரசுரம் மாதிரி. பிழையாக எழுதினேன் என்பது உண்மை. தெரிந்த பிறகும் திருத்தவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. ஆயிரக்கணக்கான நோட்டீஸ் அடித்து நான் கொண்டுவராத சமத்துவம் ஒரு வரியை இடம் மாற்றி வைத்ததால் வந்திருந்தது. அதை என் கையாலேயே அழிக்க நான் என்ன மந்திரியா?

அதிகாரிகள் முறைப்பாடு செய்தார்கள். இணைப்பாளர் வந்து கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். தன் பெயரை விரலால் தேடிப் பிடித்தார். எதிரே இருநூற்றைம்பத்தாறு என்று தெளிவாக இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெளியே போய், கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "சேர்வர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. டிஷ்ஷிலதான் காகம் இருக்குது போல."

சிபாரிசு

ஏறாவூரில் புடவைக் கடை வைத்திருந்த ஒருவர் மஸ்கட்டில் இருக்கும் தன் மூத்த சகோதரரோடு, அவர் பேச்சில் காக்காவோடு, முகம் பார்த்துப் பேச வருவார். முப்பத்திரண்டில் பேச்சு வரும், முகம் ஓடாது. "எங்கட காக்கா கலியாணப் போட்டோ மாதிரி அசையாம இரிக்கார், அண்ணன்" என்பார். ஒரு நாள் புரியாணிப் பார்சல் கொண்டுவந்தார். நான் சாப்பிட்டு வந்துவிட்டதாகச் சொன்னேன். அடுத்த கிழமை ஓர் அரசியல்வாதியின் கடிதத்தோடு வந்தார். கடிதத்தில் என் பெயர் பிழையாக இருந்தது. ஆனால் "மேற்படி நபருக்கு உதவவும்" என்ற வசனம் மட்டும் பிழையில்லாமல் இருந்தது. அந்த வசனத்தை இந்த நாட்டில் யாரும் பிழையாக எழுதுவதில்லை.

கடிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே அளவு, எனக்கும் அதுதான் என்றேன். என் கதிரைக்கு வந்து, நான் வேலை செய்கிற கொம்பியூட்டரையும் சோதித்துப் பார்த்தார். முப்பத்திரண்டுதான். கோபிக்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். அன்றைக்குப் புரியாணிப் பார்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போன அதே முகத்தோடு கேட்டார்: "வாங்கிறதுமில்ல, குடுக்கிறதுமில்ல. உங்கள ஆரு அண்ணன் வேலைக்கு வெச்சது?"

அதே சேட்டு

பிறகு சண்டை மறுபடி தொடங்கி, வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். சுதனைப் போல வன்னிக்குப் போனவர்கள் அங்கேயே, இங்கே இருந்தவர்கள் இங்கேயே. எஞ்சினியரிடமிருந்து மின்னஞ்சல் வருவது நின்றது. எங்கள் பக்கமும் பீரங்கிச் செல்லடி வந்து, சனம் இடம்பெயர்ந்து பாடசாலைகளில் கிடந்தது. நிலையம் பல மாதம் பூட்டிக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். கொம்பியூட்டர்களையும் டிஷ்ஷையும் விட்டுப் போனார்கள். கழற்றி இறக்க நேரமில்லை போலும்.

திரும்பத் திறந்த நாளிலேயே நேசம்மா வந்தார். சுதனிடமிருந்து புதிதாக ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அப்படியென்றால் பழைய படத்தைத் திறந்து விடச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தை முடிய வருவார். அந்தப் படத்தைக் கொம்பியூட்டரிலேயே சேமித்துத் தரலாம், உடனே திறக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், அது வருகிற வழியிலேயே வரட்டும் என்றார். வானம், சுவர், தொப்பி, நெற்றி, பிறகு முகம், பிறகு நீலச் சேட்டு. முழுப் படமும் வந்து முடிந்ததும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது சொல்வார்: "இண்டைக்கும் அதே சேட்டத்தான் போட்டிருக்கான், அண்ண."

எனக்கு எதிரான போராட்டம்

முப்பத்திரண்டு போதாது என்று மாணவர்கள் கிளம்பினார்கள். என்னைத் "தோழர் அங்கிள்" என்று கூப்பிடுகிற அதே பிள்ளைகள். காலையில் வந்து பார்த்தால் வாசல் கதவில் ஒரு நோட்டீஸ்: "வேகத்தை வெட்டும் சர்வாதிகாரமே, வெளியேறு!" வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நோட்டீஸ் எனக்கு எதிராக. நின்று நிதானமாக வாசித்தேன். கோபம் வந்தது. சர்வாதிகாரம் என்றதற்காக இல்லை. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் இல்லை. கோரிக்கை என்ன என்றும் இல்லை. இப்படி ஒரு நோட்டீஸை நம்பி யார் வருவான்?

அவர்களைக் கூப்பிட்டு இருத்தி, மூன்று கோரிக்கை எண் போட்டு, இடம் நேரம் குறிப்பிட்டு நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது கோரிக்கை உண்மையில் நியாயமானது. பரீட்சைக் காலத்தில் நிலையத்தை இன்னும் ஒரு மணித்தியாலம் திறந்து வைக்க வேண்டும் என்பது. அதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். மற்ற இரண்டையும் நிராகரித்தேன். கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள், என்னையும் சேர்த்து. முடிந்து போகும்போது அவர்களுடைய தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அங்கிள், உங்களுக்கு எதிரான அடுத்த நோட்டீசையும் நீங்களே எழுதித் தாங்க."

முதல் வரிக்கு மேலே ஒரு வரி

வன்னியில் சண்டை முடிந்தது. முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களில், உறவினர் இன்னும் கண்டுபிடிக்காதவர்களின் படங்களை ஒரு நிறுவனம் இணையத்தில் போட்டது. பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். பெயரை வைத்துத் தேட முடியாது. ஒவ்வொரு முகமாகத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துக்குப் பன்னிரண்டு முகம், பக்கங்கள் கூடிக்கொண்டே போயின. நேசம்மா சனிக்கிழமையை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கினார். அடுத்த பக்கத்துக்கு எதை அமத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டார். கருவாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்திய மாணவர்கள் இப்போது தாங்களாகவே எழும்பி அவருக்கு மூலைக் கதிரையை விட்டார்கள்.

பன்னிரண்டு படமும் ஒரே நேரத்தில் வரப் பார்க்கும். பன்னிரண்டு நெற்றி வரிசையாக வந்து நிற்கும். நேசம்மா முன்னால் குனிவார். புருவம் வரும். கண் வரும். பிறகு பின்னால் சாய்வார். அமத்துவார். அடுத்த பன்னிரண்டு நெற்றி. மூன்று கிழமை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லோருக்கும் ஒரே அளவு என்று சொல்லியிருப்பேன். கேட்காதவருக்கு என்ன சொல்வது என்று எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை கோப்பைத் திறந்தேன். "எல்லோருக்கும்" என்ற முதல் வரிக்கும் மேலே இன்னொரு வரி எழுதினேன். நேசம்மா, இருநூற்றைம்பத்தாறு. எனக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் எதிரான வரி அது. ரகசியமாகச் செய்யலாமென்றால் அதற்கும் வழியில்லை. உள்ளே இருக்கிறவருக்குப் புதிய அளவு கிடைக்காது, வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் கிடைக்கும். ஆகவே அவரிடம் போய், ஒருக்கால் வெளியேறி மறுபடி பாஸ்வேர்ட் அடிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். வேகத்தைக் கூட்டியிருக்கிறேன் என்றேன். "மற்ற ஆக்களுக்குமா?" என்றார். இல்லை, உங்களுக்கு மட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடித்தார்.

பக்கங்கள் பறந்தன. அமத்தினால் பன்னிரண்டு முகம், அமத்தினால் பன்னிரண்டு முகம். மூன்று கிழமையாகப் பார்த்தும் மிச்சமிருந்ததைக் கால் மணித்தியாலத்தில் கடைசிப் பக்கம் வரை பார்த்து முடித்தார். சுதன் இல்லை. பிறகு எழும்பி என் மேசைக்கு வந்தார். முதல் பக்கத்திலிருந்து திரும்பப் பார்க்கப் போவதாகச் சொன்னார். பார்க்கலாமே என்றேன். மேசை விளிம்பைப் பிடித்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அண்ண, என்ட வேகத்த முந்தி மாதிரியே விட்டிருங்க. நெத்தி மட்டும் வந்து நிக்கிற நேரம் எல்லாப் பிள்ளையும் என்ட பிள்ளையாத்தான் இருக்கு. இப்ப டக்கெண்டு வந்து, இல்ல எண்டு சொல்லிப்போட்டுப் போகுது."

வாழ்நாள் முழுவதும் சலுகைக்கு எதிராக எழுதிய நான் ஒருவருக்குக் கொடுத்த ஒரேயொரு சலுகையை, வாங்கியவரே கால் மணித்தியாலத்தில் திருப்பித் தந்துவிட்டார்.