பொம்மையின் முதுகில் இரண்டு பற்றறி

ஒரு பெண்ணைப் படையினரிடம் அகப்பட வைத்தவன் நான். விரல் நீட்டிக் காட்டிக் கொடுக்கவில்லை. அவர் கொண்டுபோன பொம்மைக்குள் அவருக்குத் தெரியாமல் இரண்டு பற்றறியை ஒளித்து வைத்தேன். அது பிடிபட்டபோது, எனக்குத் தெரியாது என்றேன். இவ்வளவு காலமும் இதை யாரிடமும் சொல்லாமல் காலம் கழித்துவிட்டேன். சொல்ல வைத்தவன் என் பேரன். ஆனால் தான் என்ன செய்தான் என்பது அவனுக்கே தெரியாது.

பேரன் கனடாவில் இருக்கிறான். தாடி வைத்த, கலியாணம் முடித்த மனிதன். ஓய்வு நேரத்தில் சாகச வீரர்களின் பொம்மைகளைச் சேகரிக்கிறான். விளையாடுவதற்கு அல்ல. பெட்டியைப் பக்குவமாகத் திறந்து, கமராவுக்கு முன்னால் பொம்மையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, நல்லது கெட்டது சொல்வான். அதைப் பார்ப்பதற்கும் உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்களாம். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். தவளையை அறுத்துக் காட்டியபோது கூட என் வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள்.

போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினான். "மூத்தப்பா, இது உங்களுக்காகத் தமிழில எடுத்த. பார்த்திட்டுச் சொல்லுங்க" என்று குறிப்பும் இருந்தது. பார்த்தேன். பச்சைக் கவசம், மஞ்சள் மேலங்கி, மார்பில் ஒரு வட்டப் பொத்தான். பழைய பொம்மையாம், பெட்டியோடு கிடைப்பது அரிதாம். தோள் நன்றாகச் சுழல்கிறது என்றான். முழங்கால் கொஞ்சம் இறுக்கம் என்றான். முகத்தில் வர்ணம் பிசகவில்லை என்றான். பிறகு பொம்மையை முதுகுப் பக்கம் கிறுக்கி, மேலங்கியைத் தூக்கி, "இஞ்ச பாருங்க, பற்றறி போடுற இடத்து மூடியும் அப்படியே இரிக்கு" என்று நகத்தால் அதைத் திறந்தான்.

கைபேசி என் கையிலிருந்து விழுந்தது. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்தாள்.

"என்னப்பா? ஆரும் மோசம் போயிட்டாங்களா? செத்த வீட்டுச் செய்தியா?"

ஒன்றுமில்லை என்றேன். கைபேசிக்கு மணம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் புது பிளாஸ்திக்கின் மணம் என் மூக்கில் ஏறியது. அதோடு சேர்ந்து வாவிக்கரைச் சேற்று மணமும், மண்ணெண்ணெய்ப் புகையும், வியர்வையும் வந்தன. அதே போன்ற ஒரு மூடியை நானும் நகத்தால் திறந்திருக்கிறேன்.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரை, படையினரிடம் இருந்தது. அந்தப் பக்கம், படுவான்கரை, போராளி இயக்கத்திடம் இருந்தது. நடுவில் தண்ணீர். மனிதரையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஒரு தட்டை மிதவை போய் வரும். அதை நாங்கள் பாதை என்போம். நான் நகரத்துக்காரன், படிப்பித்தது படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில். திங்கட்கிழமை காலை கடந்து போய், கிழமை முழுக்க ஆசிரியர் விடுதியில் தங்கி, வெள்ளி திரும்புவேன். மிதவைத் துறையில் இருந்த காவலரணில் எல்லாவற்றையும் கிளறிப் பார்ப்பார்கள். கொண்டுபோகக் கூடாத பொருள்கள் நிறைய. குண்டு வெடிக்கவைக்க உதவும் என்பதால், அவற்றில் பற்றறி வெடிமருந்துக்குச் சமம்.

ஆகவே படுவான்கரையில் தீர்ந்த பற்றறிகளை வெயிலில் காயவைப்பார்கள். ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விடுவார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார். என்னிடம் உள்ளங்கை அளவில் ஒரு வானொலி இருந்தது. அதற்குச் சின்னப் பற்றறி, பென்டோர்ச் பற்றறி என்போமே, அது இரண்டு போதும். பின்னேரங்களில் விடுதி வாசலில் ஆண்கள் கூடுவார்கள். நான் காதில் வைத்துக் கேட்டு, என் பங்குக்குக் கொஞ்சம் விளக்கமும் கூட்டிச் சொல்வேன். "சேர் சொன்னாச் சரி" என்பார்கள். அந்த வார்த்தைக்கு நான் அடிமைப்பட்டிருந்தேன். உயிர் காக்க, பசி தீர்க்க என்று ஏதாவது காரணம் இருந்திருந்தால் இன்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. பற்றறி தீர்ந்துபோயிருந்தது, நான் வாய் மூடி இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு புதுப் பற்றறியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் செல்வமணி டீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிப்பவர். கணவரை இழந்தவர், வீடு அக்கரையில்; ஒரே மகனை அங்கே மாமியாரிடம் விட்டு நகரத்துக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தார். கையில் பெரிய பெட்டி.

"என்ன டீச்சர், சீர்வரிசையா?"

"மகனுக்குத் தம்பி லண்டனில இருந்து அனுப்பின பொம்ம சேர். பற்றறி மட்டும் போட்டிராத, இஞ்ச உயிர எடுத்திருவானுகள் எண்டு போன் எடுத்துப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான். மறதிக்காரன் சேர் அவன். சின்னனில கடைக்கு அரிசி வாங்கப் போய், அரிசியக் கொண்டுவந்து, சைக்கிள விட்டிட்டு வந்தவன்."

இருவரும் சிரித்தோம். பெண்களைத் தனியாகச் சோதிக்கும் தென்னோலைக் கிடுகு மறைப்புக்குள் அவரைக் கூப்பிட்டார்கள். "இத ஒருக்காப் புடிங்க சேர்" என்று பெட்டியைத் தந்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் கண்டேன். ஆண்கள் பக்கத்தில் ஒருவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அடுத்தவரையும் சொன்னார்கள். பெட்டியை மடியில் வைத்துக் குந்தி, சப்பாத்து நாடா கட்டுகிறவன்போலக் காலுறையிலிருந்து பற்றறியை உருவினேன். பெட்டியைத் திறந்து பொம்மையின் மேலங்கியை விலக்கினேன். மூடி நகத்துக்குத் திறந்துகொண்டது. உள்ளே வெறுமை. தம்பி மறக்கவில்லை. இரண்டு பற்றறியும் அளவெடுத்ததுபோல அதற்குள் போய் உட்கார்ந்தன. அக்கரையில் இறங்கியதும் பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்று வாங்கி, திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். பற்றறி போட்ட பொம்மை ஏதாவது செய்யும் என்று ஒரு விஞ்ஞான ஆசிரியனுக்குத் தோன்றவில்லை.

டீச்சர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். மேசையில் இருந்த சிப்பாய் இளைஞன். பொம்மையைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. வெளியே எடுத்துக் கையை மடக்கினான், காலை நீட்டினான், தலையைத் திருப்பினான், பக்கத்தில் நின்றவனுக்கும் காட்டினான். என் பேரன் செய்கிற அதே வேலை. பிறகு மார்புப் பொத்தானை அமத்தினான்.

பொம்மையின் கண்கள் சிவப்பாக எரிந்தன. கரகரத்த குரலில் அது ஆங்கிலத்தில் முழங்கியது. பயப்படாதே, நான் வந்துவிட்டேன் என்பது அதன் பொருள்.

சிப்பாய் அதை எறிந்துவிட்டுப் பின்னால் பாய்ந்தான். துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. வரிசையே தலையில் கைவைத்துத் தரையில் குந்தியது. மணலில் மல்லாந்து கிடந்த பொம்மை மறுபடியும் பயப்படாதே என்றது. யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்து, உடனே நிறுத்தியது இன்றும் என் காதில் இருக்கிறது.

அதிகாரி வந்தார். பற்றறி இரண்டும் மேசையில் வைக்கப்பட்டன.

"யார் பற்றறி?"

"எனக்குத் தெரியாது ஐயா. தம்பி அனுப்பினது. போடாத எண்டுதான் சொன்னனான்…" டீச்சர் என் பக்கம் கிறுகிப் பார்த்தார். "சேர், நீங்க சொல்லுங்க சேர். உங்களுக்கு என்னத் தெரியும்தானே."

"டீச்சரைத் தெரியும்" என்றேன். அதிகாரி மேசையைக் காட்டினார்.

"பற்றறி?"

"எனக்குத் தெரியாது."

அவரை ட்றக்கில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா பின்னேரம் வருவா எண்டு மகனிட்டச் சொல்லிருங்க சேர்."

பின்னேரம் வரவில்லை. எங்கள் பள்ளிக்கூட அதிபரும் ஒரு பாதிரியாரும் அலைந்து திரிந்து அவரை வெளியே எடுத்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை. விட்டார்களே தவிர, வாவியைக் கடக்கும் அனுமதியைப் பறித்துவிட்டார்கள். அம்மா இக்கரையில், பிள்ளை அக்கரையில். அடுத்த மாரிமழை வந்து போகும்வரை அப்படித்தான்.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கூச்சம் தருவது. அவர்களுக்கிடையில் சாமான் காவிக் கொண்டுபோனவன் நான். திங்கட்கிழமைகளில் உடுப்பு, விசுக்கோத்து, இருமல் மருந்து என்று டீச்சர் தருவார். கொண்டுபோய்க் கொடுப்பேன். "நீங்க இல்லாட்டி நாங்க என்ன செய்யிற சேர்" என்று அவர் கும்பிடுவார். அந்த வணக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். காவலரணில் அந்தப் பொம்மையை மணல்மூட்டைகளின் உச்சியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு கை உயர்ந்திருக்கும், மஞ்சள் மேலங்கி காற்றில் அடிக்கும். அதற்குக் கீழேதான் நான் அடையாள அட்டையை நீட்டுவேன். ஒரு மழைக்குப் பிறகு அது அங்கே இல்லை.

ஒருநாள் சாமானைத் தரும்போது டீச்சர் சொன்னார்: "தம்பிட வேலதான் சேர். போடவே இல்ல எண்டு சத்தியம் பண்றான். அப்ப பற்றறி தானா முளைச்சதா?"

"போகட்டும் டீச்சர். மறதியில போட்டிருப்பார்" என்றேன்.

ஆமாம், அதையும் நான்தான் சொன்னேன்.

பிறகு எனக்கு நகரத்துக்கு மாற்றம் கிடைத்தது. யுத்தம் முடிந்தது. பேரனின் வீடியோவைப் பார்த்த கிழமையே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு படுவான்கரைக்குப் போனேன். டீச்சர் முற்றத்தில் நெல் காயவைத்து, காலால் கிளறிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. "வாங்க சேர், வாங்க! கண்டு எவ்வளவு காலம்!" என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். காலுறை, பெட்டி, மூடி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நெல்லுக்கு நடுவில் அப்படியே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப தம்பி போடல்லயா?"

"இல்ல டீச்சர்."

"அம்மாட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவன் சேர். பொய்யன், இனி எனக்குப் போன் எடுக்காத எண்டிட்டன். மறுகா நான் அவனோட பேசவே இல்ல. செத்த வீட்டுக்கும் பேசல்ல."

"யாருடைய செத்த வீடு?" என்று கேட்டேன். எழுத்துத் தமிழில்தான் வாயில் வந்தது.

"அவன்டதான்."

அவரைச் சிறைப்படுத்தியதை, பிள்ளையைப் பிரித்ததை எல்லாம் கணக்கில் வைத்துத்தான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. அக்காவும் தம்பியும் கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு சேர்ந்திருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

டீச்சர் உள்ளே போய்க் கைபேசியை எடுத்துவந்தார். யாரிடமோ தம்பி வீட்டுப் போன் இலக்கம் கேட்டார். பிறகு லண்டனுக்கு எடுத்தார். "மச்சாள், நான் செல்வமணி. வைச்சிராத. ஒராள் பேசுவார், கேளு" என்று என்னிடம் நீட்டினார். "எனக்குச் சொன்னதச் சொல்லுங்க சேர். ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். மறுமுனையில் தம்பியின் மனைவி மெதுவாகப் பேசினார்.

"பொம்ம வாங்கின கடைக்கு அவர் திரும்பப் போனவர் ஐயா. நீங்க பற்றறி போட்டா வித்தீங்க எண்டு கேட்டு. அவங்க இல்லயெண்டாங்க. மறுகாவும் போனவர். கடைசியில, நான்தான் போட்டு மறந்திட்டனோ எண்டு என்னட்டக் கேப்பார். சாகும் வரைக்கும் கேட்டவர்."

டீச்சர் என் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டார். வேலியோரம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, "மச்சாள்… மச்சாள்…" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மச்சாளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறார் என்று அவருடைய மகன் சொல்லித் தெரியும்.

திரும்பும் வழியில் துறையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. மிதவை இல்லை. காவலரண் இருந்த இடத்தில் பற்றைக்காடு வளர்ந்திருக்கிறது. கிடுகு மறைப்பு, மேசை, வெயிலில் நீண்டு கிடந்த அந்த வரிசை, ஒன்றும் இல்லை. நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் எது என்று கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தேன். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். வழியை விட்டுக் கொடுத்தேன்.