ஜாக்கி அண்ணி தூக்கிய வண்டி

வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது, மாமியார் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி படாரென்று காலை விரித்துவிட்டது. நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. ஆனால் கூடத்தில் இருந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். மாமியார் நல்ல கனத்த உடம்புக்காரர். அவர் முகம் சுருங்குவதற்குள் மருமகள் ஓடி வந்தாள்.

"ஐயோ அத்தை, அந்தக் கால் காலையிலேயே விரிசல் விட்டிருந்துச்சு. எடுத்து ஓரமாப் போட மறந்துட்டேன். என் மேலதான் தப்பு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வாரமே வீட்டிலிருந்த எல்லா நாற்காலிகளையும் கழித்துவிட்டு, இரும்புச் சட்டத்தில் தானே பற்றவைத்த நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் அது யாருக்கென்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும்.

அவளைத் தெருவில் ஜாக்கி அக்கா என்பார்கள். கொழுந்தனுக்கு ஜாக்கி அண்ணி. வண்டிக்கு அடியில் பாரம் தாங்க அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே இரும்புப் பட்டைகள், அவற்றைக் கழற்றி மாட்டுகிற பட்டறை அவளுடையது. அதே பட்டறை மூலையில் அவள் புருஷன் மெஷின் போட்டு வண்டி சீட் தைக்கிறார். "கீழ என் வேலை, மேல அவர் வேலை. நடுவுல உக்காந்து போறவங்களுக்கு ஆண்டவன் துணை" என்பாள்.

கொழுந்தன் டிரைவர். மலைக்குச் சரக்கும் ஆட்களும் ஏற்றிப்போகிற, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தான். அவன் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தது அந்த மலைமேல்தான். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அது முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கிவிட்டது. மாமியார் மட்டும் பேத்தியைப் பார்க்கப் போகவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார். கொழுந்தன் அதை நம்பினான். அண்ணி நம்பவில்லை.

"முழங்கால் வலிக்கிறவங்க மாடி ஏறித் துணி காயப்போடுறாங்களே தம்பி, எப்படி?"

"அப்புறம் ஏன் வரமாட்டேங்குறாங்க?"

"போன தடவை மலைக்குப் போற வழி ஓடையில உன் வண்டி வால் பாறையில தட்டி நின்னுச்சே, அப்ப யாரு எறங்குனா?"

அவனுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று வண்டியில் இருந்த எவனோ ஒருவன், "பெரியம்மா எறங்கினா வண்டி தானா ஏறும்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இவனும்தான் சிரித்து வைத்தான். அம்மா பேசாமல் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையை நடந்தே கடந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

"பாறை தட்டினது அத்தையால இல்ல. உன் வண்டிப் பின்பக்கம் தொய்ஞ்சு கெடக்கு. கொண்டா, தூக்கிடலாம். எதுக்குன்னு அவங்ககிட்ட மூச்சு விடாத" என்றாள் அண்ணி.

மறுநாளே வண்டி பட்டறைக்குள் வந்தது. வண்டிமேல் இருந்த கூண்டுக் கம்பி, வாசல் உச்சியில் ஷட்டர் சுருளும் பெட்டியை உரசாமல் மயிரிழையில் நுழைந்தது. அண்ணி பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தாள். பட்டையின் பின் நுனி சட்டத்தோடு இறுகி நிற்பதில்லை. சேக்கிள் என்கிற இரண்டு தகடுகளில் ஊஞ்சல் மாதிரி தொங்கும். பழைய தகடுகளைக் கழற்றிவிட்டு, அவற்றைவிட நீளமானவற்றை மாட்டினாள்.

"இன்னும் நீளமாப் போடுங்க அண்ணி. ஒரு சாண் ஏறட்டும்."

"ஒட்டகமா செய்யறோம்? ரெண்டு விரல் நீட்டினா ஒரு விரல்தான் ஏறும். ஆசைப்பட்டு ரொம்ப நீட்டினா வளைவுல தலையாட்டும். அந்தப் பாறைக்கு இது போதும். போய் அளந்து பாத்துட்டுதான் வந்தேன்."

அண்ணி ஓடைவரை போய்வந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கினாள். தொங்கும்போதே இறுக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கிக்கொள்ளுமாம். பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ் இழுபடவில்லையே என்று தடவிப் பார்த்தாள். வால் தூக்கியதில் முகப்பு விளக்குகள் தரையில் ஊசி தேடுவதுபோல் குனிந்திருந்தன. அவற்றையும் நிமிர்த்தினாள்.

"எடு தம்பி!"

அவன் பின்னோக்கி எடுத்தான். டங்! கூண்டுக் கம்பி ஷட்டர் பெட்டியில் முட்டி நின்றது.

பக்கத்துக் கடைப் பஞ்சர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மலையில இருக்கிற பாறையெல்லாம் அளந்தாச்சு, சொந்த வாசலை அளக்கலையா ஜாக்கி?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். டயரில் காற்றை இறக்கினார்கள். போதவில்லை. பட்டறையில் கிடந்த பழைய பட்டைகளைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். பஞ்சர்க்காரர் ஏறி உட்கார்ந்தார். அவர் ஏறியது வண்டிக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. சீட் தைக்கிறவர் தன் பங்குக்கு ஒரு மூட்டையோடு ஏறினார்.

"ஏங்க, பஞ்சு மூட்டையைத் தூக்கிட்டு ஏறுறீங்களே, அதுல என்ன பாரம் இருக்கு?" என்றாள் அண்ணி. இன்னும் அரை விரல் இறங்க வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமியார் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார். பஞ்சர்க்காரர் வாயைத் திறந்தார். அண்ணி முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். "வேற ஏதாச்சும் இரும்பு கெடக்குதா பாருங்க" என்று அவள் மாமியார் பக்கமே திரும்பாமல் மூலை முடுக்கெல்லாம் தேடினாள்.

"நல்லா இருந்த வண்டியை எதுக்குடா தூக்கினீங்க?" என்று மாமியார் கேட்டார்.

கொழுந்தனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "உங்களுக்காகத்தான்மா. அண்ணிதான் சொன்னாங்க, இனிமே ஓடையில உங்களை யாரும் எறங்கச் சொல்லக் கூடாதுன்னு. அன்னிக்கு நானும் சேர்ந்து சிரிச்சுட்டேம்மா."

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் ஸ்பானரைப் பார்த்தாள். மாமியார் தூக்கைக் கீழே வைத்தார்.

"அந்த முக்காலியை எடுத்துப் போடு. எல்லாரும் தள்ளி உக்காருங்க."

ஏறி, ஸ்டெப்னி டயர்மேல் அமர்ந்தார். பட்டைகள் கிரீச்சென்று பணிந்தன. வண்டி எங்கும் உரசாமல் வெயிலுக்கு வந்தது. முதலில் சிரித்தது மாமியார்தான். அவர் குலுங்கக் குலுங்க வண்டியும் குலுங்கியது.

"இரும்பு இரும்புன்னு தேடினீங்களே, வீட்டு இரும்பு கண்ணுல படலையா? நான் எறங்க மாட்டேன்டா. நேரா மலைக்கு விடு."

"டயருக்குக் காத்தாவது அடிச்சுக்கறேம்மா!"

பழைய பட்டைகளை இறக்கிவிட்டு, அண்ணியையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஓடையில் இறங்கும்போது அவள் கண்ணை மூடி, "ஆண்டவனே, என் அளவு தப்பாம இருக்கட்டும்" என்று முணுமுணுத்தாள். அடியில் பாறை போனது தெரிந்தது. தட்டிய சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தபோது வண்டி அக்கரை ஏறியிருந்தது. மாமியார் இறங்காமல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பேத்தி அவர் மடிக்கு வந்ததும் மூக்கைப் பிடித்து இழுத்தாள். மாமியார் மகளோடு கொஞ்சநாள் தங்குவதாகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் கிளம்பினார்கள். அண்ணி வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிச் சொன்னாள்:

"அத்தை, கூட்டிட்டுப் போக வர்றப்ப முழங்கால் அது இதுன்னு சாக்கு சொல்லக் கூடாது. வெறும் வண்டி குதிக்கிற குதியில எங்க எலும்பெல்லாம் கழண்டுடும். நீங்க உக்காந்தாதான் அது வண்டி மாதிரி போகுது."