குண்டானுக்குள் ஒலித்த அழைப்பு

அடி அண்ணாமலை அங்கன்வாடியின் ஆதிலட்சுமி டீச்சர் மாலையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே கழுவித் துடைத்த சோற்றுக் குண்டான் ஒன்று தயாராக இருக்கும். வீட்டிலுள்ள போன்கள் அத்தனையும் அதற்குள் போகும். முதலில் போவது டீச்சருடையது. பிள்ளை போன் பார்க்காமல் சாப்பிட்டு முடிக்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவர் வகுத்த விதி.

கிரிவலப் பாதையில் சுக்குக் காபி விற்கும் தேவிப்ரியாவின் வீட்டிலும் அந்த விதி வேரூன்றிவிட்டது. பௌர்ணமிக் கூட்டத்தில் மகள் தொலைந்துவிடக் கூடாதே என்று கடைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கொடுத்த போன், கூட்டம் கலைந்த பிறகும் ஐந்து வயதுப் பூஜாவின் கையைவிட்டு இறங்கியதில்லை. அப்போதெல்லாம் அதில் படம் ஓடினால்தான் சாப்பிட அவள் வாய் திறக்கும். இப்போது தானே பிசைந்து சாப்பிடுகிறாள். ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. அவள் அப்பா வல்லரசு வடக்கே லாரி ஓட்டுபவன். வண்டி நிற்கும்போதுதான் கூப்பிடுவான்.

"அப்பா கூப்ட்டா?" என்று முன்பொரு நாள் கேட்டாள்.

"சாப்ட்டுட்டுப் பேசு. ஒருவாட்டி தொறந்தா தெனமும் தொறப்ப."

அப்படிச் சொன்ன டீச்சர், தம் வீட்டில் துணி துவைக்கும்போதுகூடப் போனைக் கல்லருகிலேயே வைத்துக்கொள்பவர். மகள் மதிவதனி மஸ்கட்டில் நர்ஸ். இடைவேளை வாய்த்தால் கூப்பிடுவாள், அதுவும் சில நிமிடங்கள். இம்முறை அவள் முகத்தைப் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

அன்று மாலை தேவிப்ரியாவின் வீட்டில் பூஜா சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் குண்டான் கணகணவென்று ஒலித்தது. டீச்சர் தம் மகளுக்கென்றே வைத்த மணியோசை அது.

"எடுங்க டீச்சர், பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து கூப்புடுது" என்றாள் தேவிப்ரியா.

டீச்சரின் கை மூடிவரை போனது.

"ஒருவாட்டி தொறந்தா தெனமும் தொறப்பீங்க" என்றாள் பூஜா, டீச்சரின் குரலிலேயே.

"வாய மூடுடி, வாயாடி!" என்று அதட்டினாள் தேவிப்ரியா.

டீச்சர் சிரித்தார். கை திரும்பிவிட்டது. ஓசை சுவரெல்லாம் மோதி, பிறகு அடங்கியது.

தட்டில் பாதிச் சோறு இருக்கையில் குண்டான் மறுபடியும் ஒலித்தது. இந்த முறை தேவிப்ரியாவின் போன். பூஜா தலையைக் குனிந்துகொண்டு, மெல்லாமல் அள்ளி அள்ளி விழுங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க டீச்சரால் முடியவில்லை. தாமே மூடியைத் திறந்தார்.

"அப்பாதான் கண்ணு. பேசு."

"இன்னும் சாப்ட்டு முடிக்கலயே?"

"பொம்மப் படம் காத்துக் கெடக்கும். அப்பா வண்டிய எடுத்துருவாரு. இனிமே படத்துக்குத்தான் மூடி; மனுஷங்க கூப்ட்டா தொறக்கலாம்."

"நானே சாப்புடறேன், பாருப்பா!" பூஜா தட்டைத் திரைக்கு முன் தூக்கிக் காட்டினாள்.

டீச்சர் தம் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. இடைவேளை முடிந்திருக்கும்.

"உக்காருங்க டீச்சர்."

"இருக்கட்டும்மா."

போன் திரையில் தாம் தெரியாதபடி பூஜாவின் பின்னால் ஒதுங்கி நின்று, யாரோ ஒரு தகப்பனின் தூசி படிந்த முகத்தை, அந்த அழைப்பு முடியும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.