ஆறாம் மாடிச் சூடு

நோங் யான் எங்கள் கட்டிடத்துக்குக் குடிவந்தது ஆகஸ்டில். கோடையில் எங்கள் வடசீன ஊரான ஹெகாங்கில் வீடு பார்க்கிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது என்று சந்தோஷப்படுவார்கள். கீழ்வீட்டுக்காரர் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கட்டணம் கட்டுகிறவரா என்று ஒருவரும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

தென்கோடி குவாங்ஷியில் பிறந்தவள். இளவயதிலேயே தெற்கே செருப்புத் தொழிற்சாலைக்குப் போய், நாற்பது தாண்டும்வரை விடுதியின் மேல்கட்டிலில் படுத்தவள். கல்யாணமும் விவாகரத்தும் அந்தக் கட்டில் வாழ்க்கைக்கு நடுவில் வந்து போயின. மகள் மின்ஷு அப்பாவிடம் வளர்ந்தாள். பிள்ளையைக் கேட்டபோதெல்லாம் அந்த மனிதர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "உன் பேர்ல ஒரு வீடு வாங்கு, அனுப்புறேன். என் பொண்ண விடுதிக் கட்டில்ல கொண்டுபோய்ப் போட மாட்டேன்." அவளால் இந்த ஜென்மத்தில் முடியாது என்று தெரிந்துதான் சொன்னார்.

இங்கே சுரங்கங்கள் மூடி, இளைஞர்கள் வெளியேறி, மாடி மாடியாக வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. தெற்கே ஒரு கார் நிறுத்த இடம் வாங்கும் காசுக்கு ஆறாம் மாடியில் இரண்டு அறை வீடு வாங்கினாள். பத்திரத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள். அவர் சொன்ன சொல்லிலிருந்து இறங்க முடியவில்லை. குளிர்கால விடுமுறைக்கு மின்ஷு வருவாள், பிடித்திருந்தால் இங்கேயே பள்ளியில் சேரலாம் என்று முடிவானது.

யான் ஒரு சுட்டகறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, நாள் முழுக்க இறைச்சித் துண்டுகளைக் கம்பியில் கோத்தாள். மாலையில் வீடு திரும்பி மின்ஷுவின் அறையைத் தயார்செய்தாள். மஞ்சள் திரை, புதுக் கட்டில், அதன்மேல் ஆரஞ்சுப் படம் போட்ட மெத்தைப் போர்வை.

அக்டோபரில் ஊர்ப் பொதுக் கொதிகலனை மூட்டினார்கள். வெந்நீர் குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டின் சுவரோர இரும்பு ரேடியேட்டருக்குள்ளும் ஏறியது. வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் வீட்டில் இணைப்பை அடைத்து முத்திரை வைத்துவிட்டுப் போவார்கள். ஐந்தாம் மாடி குவோ, ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி, வருடா வருடம் அப்படி எழுதிக் கொடுப்பவர். மேலே ஒரு வீட்டிலும் கீழே ஒரு வீட்டிலும் ரேடியேட்டர் எரிந்தால் நடுவில் இருப்பவனுக்கு எதற்குத் தனியாக? எங்கள் ஊரில் இப்படிக் குளிர்காய்கிறவர்கள் நிறைய. நேரில் யாரும் சொல்லிக் காட்டுவதில்லை.

யான் சொல்லிக் காட்டினாள். அவள் வீட்டுக்கு மேலே பனி மூடிய மொட்டை மாடி, கீழே குவோவின் குளிர்ந்த வீடு. எவ்வளவு எரிந்தாலும் தரை சில்லென்றே இருந்தது. ஒரு நாள், கீழ்த்தளத்தில் நாங்கள் மஹ்ஜோங் கட்டை ஆடும் மேசைக்கே வந்து நின்றாள்.

"குவோ அண்ணே, இந்த ஒரு வருஷம் உங்க வீட்லயும் சூட்டைத் திறந்துவிடுங்களேன். என் பொண்ணு வர்றா. தரையில கால வைக்க முடியல."

குவோ கட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தங்கச்சி, அந்தக் கொதிகலன்ல எரிஞ்ச கரிய வெட்டினவன் நான். எனக்குச் சூடு இந்த ஊர் குடுக்குற பென்ஷன்."

"ஊரு எங்க குடுக்குது? நான்ல குடுக்குறேன்."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குவோ சிரிக்கவில்லை.

"தெற்குக்காரிக்கு வீடுதான் சில்லுனு இருக்கு, வாயி நல்லா சூடா இருக்கு" என்றார்.

"ஒரு நாளைக்கு நான் வால்வ மூடிட்டா தெரியும், யார் சூட்டுல யார் இருக்காங்கன்னு" என்று அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் படியேறினாள்.

ஜனவரியில் மகளை அழைத்துவரத் தெற்கே போனாள். புறப்படும்முன், பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் தெற்கத்தியர் என்ன செய்வார்களோ அதையெல்லாம் செய்தாள். மின்சாரத்தை அணைத்தாள். காஸை மூடினாள். தண்ணீரை மூடினாள். அந்த வரிசையிலேயே அறை அறையாகப் போய் ரேடியேட்டர் வால்வுகளையும் இறுக்கி மூடினாள். பூட்டிய வீட்டில் பூஞ்சை பிடிக்கும் என்பது அவர்கள் ஊர் பயம். அதனால் மகளின் அறை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், குளிர்காலத்தில் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் உறையும், உறைந்தால் இரும்பு பிளக்கும் என்று. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றியதும் இல்லை.

இரண்டொரு நாளில் குவோ முக்காலியில் ஏறி நின்று தன் வீட்டுக் கூரையில் கை வைத்துப் பார்த்தார். பிறகு பஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"சொன்ன மாதிரியே மூடிட்டா."

கட்டிடக் காவல் பார்க்கும் ஷி அம்மாள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். "அவ ஊருக்குல்ல போயிருக்கா? தெரியாம மூடியிருப்பாய்யா. வெடிச்சிரும். உன்கிட்டதான் நம்பர் இருக்கே, ஒரு போன் போடு."

"போன் போட்டா, குளிருது திறந்துவிடும்மான்னு நான் கெஞ்சின மாதிரி ஆயிரும். நீ ஆடு."

ஷி அம்மாள் ஆடினாள்.

ரயிலில் யான் மகளிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாளாம். "வெளிய மைனஸ் முப்பது. வீட்டுக்குள்ள அரைக்கைச் சட்ட போட்டுக்கிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடலாம்." மின்ஷுவுக்குப் பதினொரு வயது. அம்மா வாங்கிய சிவப்புக் கோட்டுக்குள் நிஜமாகவே ஒரு அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

மாலை கவியும் நேரத்தில் கதவைத் திறந்தார்கள். உள்ளேயும் மூச்சு புகையாக வந்தது. ஜன்னலோரத் தட்டில் வளர்த்த வெங்காயத்தாள் கண்ணாடி போல் நின்றது. ஆரஞ்சுப் போர்வையின் மேல் உறைபனி படிந்திருந்தது.

"ஒரு நிமிஷம் கண்ணு, இப்ப சூடாயிரும்" என்று சொல்லி யான் ஓடிப்போய் எல்லா வால்வுகளையும் திறந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரும்புக்குள் டக் டக்கென்று சத்தம் கேட்டது. மகளின் அறை ரேடியேட்டரில் மயிரிழை போல் ஓடியிருந்த விரிசல் வாய் பிளந்தது. துருவேறிய கறுப்பு வெந்நீர் கட்டில்மேலும் மஞ்சள் திரைமேலும் பீய்ச்சி அடித்தது. யான் வால்வைத் திருகப் பாய்ந்தாள். கை வெந்தது, பிடி கழன்று வந்தது. மின்ஷு வாசலில் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் அவள் காலணிக்குள் போனது.

குவோ கத்திக்கொண்டே ஏறிவந்தார். "ஏய் தெற்குக்காரி! என் கூரை ஊத்துது!"

"அண்ணே, கீழ மெயின் வால்வு எங்க இருக்கு? ஓடிப்போய் மூடுங்கண்ணே!"

"இப்ப அண்ணனா? மூடுறேன்னு சபதம் போட்டவ நீதான?"

"அது விளையாட்டுக்குச் சொன்னதுண்ணே. நான் ஊருக்குப் போறோமேன்னு…"

"என்கிட்ட கதை விடாத. நீ போன ரெண்டாம் நாளே என் கூரை ஐஸ் மாதிரி ஆயிருச்சு."

யான் வெந்த கையைத் தண்ணீர் படாமல் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். "அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சா? நான் என்ன உன் வீட்டு வேலைக்காரனா?"

ஷி அம்மாள்தான் நிலவறைக்கு இறங்கி மெயின் வால்வை மூடினாள். அதற்குள் தண்ணீர் படி வழியாக மூன்றாம் மாடிவரை இறங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைய ஆரம்பித்தது. அந்தப் பனிக்கு நடுவில் உட்கார்ந்து மின்ஷு அப்பாவுக்குப் போன் செய்தாள். அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் குரலில் பேசினாள்.

"வீடு இருக்குப்பா. இருக்கத்தான் முடியாது."

அவர் விமானம் பிடித்து வந்தார். அதுவரை அம்மாவும் மகளும், இரவு தங்கவும் விடும் பொதுக் குளியல் நிலையத்தின் படுக்கைக் கூடத்தில் தங்கினார்கள். அவர் மாடியேறி வந்து வீட்டைப் பார்க்கவில்லை. டாக்ஸியை அணைக்கவிடாமல் கீழேயே நின்றார். மின்ஷு ஏறும்போது சிவப்புக் கோட்டைக் கழற்றி அம்மாவின் கட்டுப் போட்ட கையில் வைத்தாள்.

"அங்க இது தேவைப்படாதும்மா."

வசந்தத்தில் யான் வீட்டை விற்கப் பார்த்தாள். தரகர் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேல் மாடி, தண்ணி குடிச்ச வீடு. சும்மா குடுத்தாலும் யோசிப்பாங்க அக்கா." குவோவின் கூரைக்கு அவள்தான் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் பூச்சு வெள்ளையாக இல்லை என்று இரண்டாவது பூச்சும் அடிக்கவைத்தார்.

மின்ஷுவின் அறையில் புது ரேடியேட்டர் மாட்டியிருக்கிறாள். அது எரிய ஆரம்பித்து இது முதல் குளிர்காலம். அதை அவள் ஒரு திருகுகூடக் குறைப்பதில்லை. அந்த அறையில் படுப்பதும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறாள், வந்து சில்லென்ற அடுத்த அறையில் கோட்டோடு உட்காருகிறாள்.

அந்த அறைக்கு நேர் கீழேதான் குவோவின் படுக்கையறை. இந்த வருடமும் அவர் சூடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேசைக்கு அரைக்கைப் பனியனோடு இறங்கி வருகிறார்.

"மேல நல்லா எரியுதுய்யா" என்கிறார், கட்டைகளைக் கலைத்துக்கொண்டே. "ராத்திரி போர்வைய உதைச்சுத் தள்ளிட்டேன்."