பிரிக்காத சீட்டு

எனாக் டில்மன் குதிரைச் சேணம் தைப்பவர். இண்டியானாவின் சோளக்காட்டு மாவட்டம் ஒன்றிலிருந்து இரண்டு முறை மாநிலச் சட்டசபைக்குப் போனவர். போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சாகும்வரை போய்க்கொண்டே இருந்திருக்கலாம். தானியம் ஏற்றுவதற்கு ரயில் கம்பெனி வாய்க்கு வந்த கட்டணம் கேட்கக்கூடாது என்று ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இரண்டு முறையும் அதைக் கிடப்பில் போட்டார்கள். மூன்றாவது முறை நிறைவேற்றியே தீருவது என்று 1886-இல் மறுபடி நின்றார்.

அன்றைக்கு ஓட்டுச்சீட்டை அரசாங்கம் அச்சடிக்கவில்லை. எல்லாப் பதவிக்கும் தன் ஆட்களின் பெயரை ஒரே சீட்டில் கட்சியே அடித்து, மடித்து, ஓட்டுச்சாவடி வாசலில் கையில் திணிக்கும். டில்மன் கட்சிக்கு வெளிர்நீலச் சீட்டு. நீலமா, வாங்கு, பெட்டியில் போடு. பிரித்துப் படிக்கிறவன்மேல் கட்சிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அன்று காலை சீட்டு நீட்டியவர் கட்சியின் மாவட்டத் தலைவர் ஃபெல்ப்ஸ். இருபது வருஷச் சிநேகிதர். டில்மன் பிரிக்கப்போய் மடிப்பில் விரல் வைத்தார்.

"என்னய்யா எனாக், உன் பேரு உனக்கே மறந்துபோச்சா?"

கூட்டம் சிரித்தது. டில்மனும் சிரித்தபடி சீட்டைப் பிரிக்காமலே போட்டார்.

சாயங்காலம் எண்ணினார்கள். அந்தச் சாவடியின் எழுபது நீலச்சீட்டுகளிலும் மற்ற பெயரெல்லாம் சரியாக இருந்தது. சட்டசபை வரிசையில் மட்டும் டில்மன் பெயர்மேல் கோந்து தடவிய தாள்துண்டு. அதில் 'கார்வி'. எதிர்க்கட்சி வேட்பாளர், ரயில் கம்பெனியின் வக்கீல்!

"எவன்யா ஒட்டினான்?" டில்மன் மேஜையைத் தட்டினார்.

"பிடிக்காத பேருமேல வேற பேர ஒட்டுறது ஓட்டுப் போடுறவங்க உரிமைங்க," என்றார் எண்ணுகிறவர், தலைநிமிராமல்.

"எழுபது பேருக்கும் ஒரே கோந்தா? ஒரே கோணலா? நேர்மையில்லாத பயலுகளா!"

திரும்பிப் பார்த்தால் ஃபெல்ப்ஸ் இல்லை. அறுபது ஓட்டில் கார்வி ஜெயித்ததாக அறிவித்தார்கள்.

வீட்டில் மனைவி கெசியா எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரி, உங்க சீட்டுல யார் பேரு இருந்துச்சு?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாவு மூட்டை வாங்கினா கடையிலயே பிரிச்சு மோந்து பாப்பீங்க. கட்சிக்காரன் குடுத்தா மட்டும் கண்ண மூடிக்குவீங்களா? எனக்குத்தான் ஓட்டே கிடையாதே. இருந்திருந்தா நான் படிச்சிருப்பேன்."

அதன்பின் எந்தக் கட்சியும் அவரை நிறுத்தவில்லை. சேணப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, குதிரைச் சந்தை சந்தையாகப் போய்ப் பேசினார். சீட்டை அரசாங்கமே அச்சடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் பேச்சு.

"நான் எனக்கு எதிரா ஓட்டுப் போட்டவன்," என்று ஆரம்பிப்பார். சிரிப்பார்கள்.

"என்னய்யா சிரிப்பு? உங்க சீட்ட நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?"

சிரிப்பு நின்றுவிடும்.

மூன்று வருஷத்தில் அந்தச் சட்டம் வந்தது. அதற்குக் கை தூக்கியவர்களில் கார்வியும் ஒருவர். ரயில் கட்டண மசோதாவைத்தான் யாரும் தொடவே இல்லை.