மிளகாய்ச் செடிக்குப் போன சாம்பல்

எனக்குக் காது குத்தியது மாமாவின் மடியில் வைத்துத்தான். அந்த ஒரு உரிமைக்காக இன்றுவரை அவரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். விசேஷ வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும், இலையில் எது குறைகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். போன மாதம் என் மகளுக்குக் காதணி விழா. வந்திருந்தார். பக்கத்து இலைக்காரரிடம் என்னைக் காட்டி, "இவ சின்னதுலயே வெவரமான புள்ள" என்றார். என் கையில் சாம்பார் வாளி இருந்தது. நல்லவேளை, ஆறிப்போயிருந்தது.

அவர் சொன்ன அந்தச் சின்ன வயதில் எனக்குப் பத்து. கடலாடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மூன்று ஏக்கர் நிலம், மழை பெய்தால் நெல், ஏமாற்றினால் குண்டு மிளகாய். அந்த நிலத்தில் அய்யாவைவிட அதிகம் குனிந்து நிமிர்ந்தது அத்தைதான். அத்தை அய்யாவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே, பிள்ளை இல்லை என்று சொல்லி, ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். "புருசன் கைவிட்டான், மொளகா விடல" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். சொல்லிவிட்டு மடியிலிருந்த மிளகாயை முகர்ந்து பார்ப்பாள். அவளுக்கு வேறு வீடு கிடையாது, வேறு ஊரும் கிடையாது. அந்த வரப்புதான்.

அந்த நிலத்தைச் சோலார் பூங்காவுக்கு எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் வந்தது. பூங்கா என்று யார் பேர் வைத்தார்களோ, ஒரு பூ கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடித் தகடுதான். மேடு பள்ளம் நிரவித் தரும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது. அதற்காகவே கடன்பட்டு ஒரு ஜேசிபி வாங்கி டீக்கடை முன்னால் நிறுத்தியிருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர். அய்யா அவரோடு பேச்சை நிறுத்தினார். அம்மாவிடம் மட்டும் ஒரு நாள், சாப்பிட்ட கையைக் கழுவாமலே சொன்னார்.

"மண்ணத் தள்ளுறது ஒங்கண்ணன் பொழப்பு, தள்ளட்டும். நெலம் போறதுல அவன் வெரலு பட்டுச்சுன்னு என் காதுக்கு வந்துச்சு, அன்னைக்கே நீ பெட்டியத் தூக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு நடந்துரு."

அம்மா தட்டை எடுத்தாள். அத்தை அப்போது அடுப்படியில் இருந்தாள். நானும் இருந்தேன்.

எல்லைக்கல் நடக் குழி தோண்டியபோதுதான் எங்கள் மிளகாய்க் காட்டின் ஓரத்தில் சுட்டமண் வளையம் தட்டுப்பட்டது. வளையத்துக்குக் கீழே வளையம், அதற்கும் கீழே வளையம். உறைகிணறு என்றார்கள். பழைய பொருள்களைத் தோண்டி ஆராய்கிறவர்கள் வந்து இறங்கினார்கள். நாற்பது நாளில் பார்த்து முடிக்க வேண்டும், உருப்படியாக ஏதும் இல்லையென்றால் நிலம் பூங்காவுக்கு என்று உத்தரவு. தலைமைக்கு ஒரு இளவயது ஆள். எல்லோருக்கும் அவர் 'சார்'. அய்யாவும் அத்தையும் அங்கே கூலிக்குப் போனார்கள். சொந்த நிலத்தைத் தோண்டச் சொந்த நிலத்திலேயே கூலி.

கட்டம் கட்டமாக நூல் கட்டி, மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டுக் கையில் பிரஷைக் கொடுத்தார்கள். அத்தைக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஊரிலேயே அவளைப்போல் பிரஷ் பிடிக்க ஆளில்லை என்றாயிற்று. கூரை ஓடு வந்தது. பானை ஓடு கூடை கூடையாக வந்தது. ஒரு நாள் அடி கூம்பிப்போன பெரிய ஜாடி ஒன்று உடைந்தபடி வந்தது. சார் வெயிலில் நின்று ஆடாத குறை. ரோமாபுரியிலிருந்து கப்பலில் மது நிரப்பி வந்த ஜாடி என்றார். வேலையாட்களுக்குக் கொண்டாட்டம். அப்பவே ஃபாரின் சரக்கா, நம்மதான் டாஸ்மாக்குல வரிசையில நிக்கிறோம் என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். ஜாடிக்குள்ளே பார்த்தால் கருகிய நெல். காலி ஜாடியைத் துறைமுகத்தில் வாங்கி வந்து யாரோ நெல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "அப்ப நம்மள மாதிரி வெள்ளாம பண்ற சம்சாரி வீடுதேன்" என்றாள். அன்றிலிருந்து அந்தக் குழி அவளுக்கு ஒரு வீடாகிவிட்டது.

கெடு முடிய நான்கைந்து நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அந்த வீட்டின் தரை வந்தது. மூலையில் அடுப்பு. அடுப்பில் சாம்பலும் கரியும் அப்படியே இருந்தன. மறுநாள் காலையில் பெரிய ஆபீசர் வந்து பார்ப்பார், இது நின்றால் எந்த எந்திரமும் உள்ளே வர முடியாது என்று சார் அய்யாவிடம் சொன்னார். அய்யா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வியர்வையைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். சார் அத்தையைக் கூப்பிட்டு, தரை எப்படி மெழுகுவீர்கள், சாணியோடு என்ன சேர்ப்பீர்கள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். அந்தத் தரையும் அப்படித்தான் மெழுகியிருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அத்தைக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தச் சாம்பலில் கிடந்த கரியைக் கொண்டுதான் வீட்டின் வயதைக் கண்டுபிடிப்பார்கள் என்பதைச் சார் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு இன்றுவரை எனக்கு அவர்மேல் கோபம். எங்களிடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டவர், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படித் தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார், ஏன் என்று சொல்லவில்லை. கூலிக்கு வந்தவர்களுக்கு அது எதற்கு என்று இருந்திருப்பார்.

அந்த வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்தில் மாமா என்னை ஜேசிபியில் ஏற்றி, அதை இயக்குகிற கம்பியைப் பிடித்து ஆட்டவிட்டார். எந்திரத்தின் கை மேலே போனது, கீழே வந்தது. நான் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு தரை வந்ததையும், அடுப்பு வந்ததையும், ஆபீசர் வருவதையும், அத்தையிடம் சார் கேட்டு எழுதியதையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். மாமா ரோட்டில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் காதோரம் குனிந்தார்.

"ஏத்தா, அந்த சாரு இப்பதேன் என்கிட்டச் சொல்லிட்டுப் போறாரு. ஆபீசர் வாரதுக்குள்ள ஒங்கத்தைய அடுப்புச் சாம்பல அள்ளிட்டு, தரைய மெழுகிக் கோலம் போட்டு வைக்கச் சொன்னாரு. அந்தக் காலத்து வீடு எப்பிடி இருந்துச்சுன்னு காட்டணுமாம். ஒங்கய்யாட்டச் சொல்லாத, மனுசன் குறுக்க வந்து விழுவாரு."

ஓடினேன். நல்ல சேதியைக் கொண்டுபோகிற காலுக்கு முள் தெரியாது. அத்தை, "ஒங்க மாமன்ட்டயா சொன்னாரு?" என்று ஒரு நொடி நின்றாள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் நானும் அவளும் போனோம். நூலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டாள். தார்ப்பாயை விலக்கினாள். சுவர்கள் முழங்காலளவுதான் இருந்தன, எங்கே வேண்டுமானாலும் தாண்டலாம். அவள் சுற்றிவந்து, "வாசப்படி இங்கனதேன் இருந்துருக்கும்" என்று ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியே வலது காலை வைத்து உள்ளே போனாள். அடுப்புச் சாம்பலைக் கரியோடு முறத்தில் வாரினாள். தினமும் காலையில் வீட்டுச் சாம்பலை எங்கே தூவுவாளோ அங்கேயே, பூச்சி அண்டாமல் இருக்க, மிளகாய்ச் செடிகளின்மேல் தூவினாள். அடுப்பின் விரிசலைக் களிமண்ணால் அடைத்தாள். சாணிக் கரைசலை ஊற்றிக் கை அகல விரித்து மெழுகிக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தாள். கடைசியாக வாசலில் கோலம். வெயில் ஏற ஏறத் தரை பச்சையாக மினுங்கியது. இரண்டாயிரம் வருஷம் கழித்து அந்த வீட்டில் பொழுது விடிந்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், அத்தனை அழகாக இருந்தது.

ஜீப் வந்தது. சார் இறங்கி வந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தால் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சாம்பல் எங்கே என்று மட்டும் கேட்டார். அத்தை பெருமையாக மிளகாய்ச் செடிகளைக் காட்டினாள். அந்த மனிதர் சல்லடையை எடுத்துக்கொண்டு செடிக்குச் செடி மண்டியிட்டு மண்ணைச் சலித்ததை நான் மறக்கவில்லை.

பெரிய ஆபீசர் குழி விளிம்பிலேயே நின்றார். யாரோ கொடுத்த பதநீரைக் குடித்தார். இடம் கலைந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உறைகிணற்றை யாரும் மெழுகவில்லை. கூரை ஓட்டையும் ரோமாபுரி ஜாடியையும் யாரும் மெழுகவில்லை. அவற்றைப் பார்க்க அவர் நாலு எட்டு நடக்கவில்லை. கையெழுத்துப் போடக் காரணம் தேடி வந்த கைக்கு என் அத்தையின் சாணி அகப்பட்டது, அவ்வளவுதான்.

வேலையாட்கள், அய்யா, அம்மா, ஊர்ச்சனம் எல்லோரும் சுற்றி நின்றார்கள். தூரத்தில் ஜேசிபியில் சாய்ந்துகொண்டு மாமா நின்றார். சார் திரும்பி வந்து, "அக்கா, உங்களை யார் மெழுகச் சொன்னது?" என்று கேட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சொல்லிவிட்டதே இவர்தான், இவரே கேட்கிறாரே என்று. 'நீங்கதான சார்' என்று வாயெடுத்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் அம்மாவைப் பார்த்தாள். சட்டென்று என்னை இழுத்து அணைத்து, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"யாரும் சொல்லல சார். வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு வீடு வெறுந்தரையாக் கெடந்துச்சு. எனக்குப் பொறுக்கல."

அய்யா முன்னால் வந்தார். அக்காவை அதுவரை அவர் ஒருமையில் ஏசியதில்லை. "வாழப்போன வீட்டையும் இப்பிடித்தான மெழுகித் தொடச்சிட்டு வந்த" என்றார், அத்தனை பேர் நடுவில். அத்தை தலை குனியவில்லை. கை மட்டும் என் வாயில் இன்னும் அழுத்தமாகப் பதிந்தது.

மாசம் திரும்புவதற்குள் ஜேசிபி வந்தது. அத்தை டிரங்குப் பெட்டியை இரண்டாம் தடவை தூக்கினாள். இராமநாதபுரத்தில் மிளகாய் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலை. ஊரான் வீட்டு மிளகாய். அவள் செத்து, வெட்டியானுக்குச் சொல்லிவிடும்வரை அய்யா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாருக்கும் மாமாவுக்கும் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பு ஒரு நாளும் பேச்சுவார்த்தையே இருந்ததில்லை என்பது எனக்கு உறைக்கப் பதினைந்து வயதாகிவிட்டது. அய்யாவுக்கு இன்னும் தெரியாது. அம்மா இன்னும் அய்யாவோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அத்தை மூடியதை நான் திறக்க முடியாது. அதனால்தான் முதல் பந்தியில் மாமாவுக்குச் சாம்பார் ஊற்றுகிறேன், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கிறேன்.

பத்து வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது. தெரிந்ததெல்லாம் என் வாயில் சாணிக் கையை வைத்துவிட்டாள் என்பதுதான். வாய்க்காலில் போய் மூன்று தடவை கொப்பளித்துத் துப்பினேன். அன்று ராத்திரி, யாரும் பேசாத அந்த வீட்டில், அத்தை எனக்கு மட்டும் சோற்றை உருட்டி நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்.

"போ. ஒன் கை நாறுது."