மூன்று ஊர்க்காரி ஞானஜோதி

என் மருமகள் ஞானஜோதி மலேசியாவில், கிள்ளானில் பிறந்தவள். அவளுடைய தாத்தாவின் அப்பா செய்யாற்றிலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவக் கப்பல் ஏறினவராம். என் மகன் உதயாவைக் கட்டிக்கொண்டு முடிச்சூருக்கு வந்தவள், என் பேத்தியைக் கல்லூரி வரைக்கும் வளர்த்துவிட்டாள். பாஸ்போர்ட் மட்டும் இன்னமும் அந்த நாட்டுடையதுதான். "இதை விட்டுட்டா எங்கம்மாவப் பாக்க விருந்தாளியாட்டம் போகணும் அத்தை" என்பாள். அதில் எனக்கென்ன நஷ்டம்?

ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது எங்கள் வீட்டுப் பானைதான் முதலில் போகும். தூக்கி வருகிறவளைக் கோயில் வாசலில் நிறுத்திப் பம்பைக்காரர் "எந்த ஊரு?" என்று கேட்பார். ஊரைச் சொன்னதும் பம்பையில் ஓர் அடி. பிறகுதான் உள்ளே போகலாம். இந்த வருஷம் என் முட்டி மடங்கவில்லை. ஞானஜோதி தூக்கட்டும் என்றேன். எத்தனையோ ஆடியாக அந்தப் பானைக்குப் பின்னாலேயே நடந்தவளுக்கு முகம் மலர்ந்துபோனது.

கோயில் தருமகர்த்தா என் கொழுந்தன் பூவராகன். விஷயம் தெரிந்ததும் வந்துவிட்டான்.

"இன்னா அண்ணி, வேற நாட்டு பாஸ்போர்ட்ட வச்சுகினு கீற பொண்ணு எந்த ஊருன்னு சொல்லும்?"

"அவ செஞ்ச நெத்திலி சம்பல வாங்கி வாங்கித் தின்னியே, அப்போ எந்த நாட்டுதுன்னு கேட்டியா?"

"அது வேற."

"பானை என் வூட்டுது. அவ தூக்கலன்னா அது வாசலத் தாண்டாது."

முதல் பானை போகாமல் மற்றவர்கள் எப்படிப் போவார்கள்? யோசித்துவிட்டு, "சரி. ஆத்தா முன்னாடி பொய் மட்டும் சொல்லக்கூடாது" என்றான்.

அதுதான் அவளை அரித்தது. "முடிச்சூர்னு சொன்னா பொய்யாயிடுமா அத்தை?"

"கொதிக்கிற கூழப் பாருடி. வாயில வர்றதச் சொல்லு."

வாசலில் பம்பைக்காரர் கேட்டார்.

"எங்க வம்சம் செய்யாறுங்க" என்றாள். ஓர் அடி விழுந்தது. அவள் நகரவில்லை. "நான் பொறந்தது கிள்ளான்." அவர் பூவராகனைப் பார்த்தார்; அவன் வேப்பமரத்தைப் பார்த்தான். இரண்டாவது அடி. "கூழ் காய்ச்சினது முடிச்சூர்." மூன்றாவது அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"இன்னும் எதுனா கீதா தாயீ?"

"அவ்வளவுதான் லா" என்று கிள்ளான் பேச்சில் சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அடுத்த பானை பூவராகன் பெண்டாட்டி சரசுவுடையது. "முடிச்சூர்" என்றாள். அடி விழுந்தும் அசையவில்லை. "நான் பொறந்தது பள்ளிக்கரணை. அதுக்கும் ஒண்ணு போடுய்யா."

பின்னால் நின்ற பெண்கள் எல்லாருமே வேறு வேறு ஊரில் பிறந்து இங்கே வாழ வந்தவர்கள்தான். பம்பைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார். நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன்.

"உனக்கு இன்னா பாட்டி, பானையே இல்லையே?"

"இல்லாட்டி போவுது. கோவளம். ஒண்ணு அடி."